"பால் நிறுத்தவும்": 29 வாரக் குறைமாதக் குழந்தை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அதிகம் யோசிக்காமல் எழுதப்படும் உத்தரவு ஒன்று உண்டு: "பால் நிறுத்தவும்." தொப்புளில் குழாய் செருகியிருந்தால் பால் நிறுத்தம். இதயத்தருகே மூடாமல் நிற்கும் நாளத்துக்கு மருந்து தொடங்கினால் நிறுத்தம். ரத்தம் ஏற்றினால் நிறுத்தம். இரைப்பைக் குழாயில் இரண்டு மில்லி திரும்பி வந்தாலோ, இரவுப் பணியில் இருப்பவர் கண்ணுக்கு வயிறு சற்றுப் பெரிதாகத் தெரிந்தாலோ அப்போதும் நிறுத்தம். இத்தனைக்கும் பின்னால் இருப்பது ஒரே பயம். நெக்ரோடைசிங் என்டரோகொலைடிஸ் என்ற முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை. வார்டில் எல்லோருக்கும் அது 'நெக்'.

குடலின் சுவர் வீங்கி, ரத்த ஓட்டம் குன்றி, கிருமிகள் உள்ளே புகுந்து, திசு அழுகிப்போகும் நோய் இது. பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தாக்கும். ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரைப் பிடிக்கும். பிடித்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு அருகில் இறந்துபோகிறார்கள். அறுவை சிகிச்சை வரை போய்ப் பிழைக்கும் குழந்தைகளில் சிலர் குட்டையான குடலோடு வாழ வேண்டியிருக்கும். இந்நோய் கண்ட குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பேர் ஏற்கெனவே பால் குடிக்கத் தொடங்கியவர்கள். ஆகவே பால்தான் குற்றவாளி என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் அந்த வயதில் உயிரோடிருக்கும் குறைமாதக் குழந்தைகள் எல்லோருமே ஏறக்குறைய பால் குடிப்பவர்கள்தாம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கீழே எழுதியிருப்பது ஒரே குழந்தையின் கேஸ் ஷீட் அல்ல. பல குழந்தைகளிடம் திரும்பத் திரும்பக் கண்டவற்றை ஒரு பெண் குழந்தையின் 51 நாட்களாகக் கோத்திருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் எதுவும் இல்லை. சிகிச்சையின் ஒவ்வொரு திருப்பத்திலும் 'பாலை என்ன செய்வது' என்ற கேள்வி எப்படி எழுந்தது, என்ன முடிவு எடுக்கப்பட்டது, ஏன் என்பதுதான் இதில் முக்கியம்.

குழந்தை

தாய்க்கு இரண்டாவது கர்ப்பம். 28ஆவது வாரத்தில் ரத்த அழுத்தம் ஏறிச் சேர்க்கப்பட்டார். டாப்ளர் ஸ்கேனில் தொப்புள்கொடித் தமனியில் இதயத் துடிப்புகளுக்கு இடையிலான ரத்த ஓட்டம் அற்றுப்போயிருந்தது. நச்சுக்கொடி தளர்கிறது என்பதற்கு அது அடையாளம். குடலைப் பொறுத்தவரை இன்னொரு பொருளும் உண்டு: ரத்தம் போதாத நிலையில் கருவின் உடல் மூளையையும் இதயத்தையும் காப்பாற்றக் குடலுக்குப் போகும் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட குழந்தை பிறக்கும்போதே பட்டினி கிடந்த குடலோடு பிறக்கிறது.

குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்யத் தாய்க்குப் போடும் டெக்ஸாமெத்தசோன் நான்கு ஊசிகளும் முழுமையாகப் போய்ச் சேர்ந்தன. மக்னீசியமும் கொடுக்கப்பட்டது. 29 வாரம் முடிந்த அன்று சிசேரியன். எடை 1,040 கிராம். அழுதாள், மூச்சுக்குத் துணையாகக் காற்றழுத்தம் தரும் சிபேப் கருவியில் வைக்கப்பட்டாள், நுரையீரல் விரிய உதவும் சர்ஃபாக்டன்ட் மெல்லிய குழாய் வழியே தரப்பட்டது. தொப்புள் சிரையில் குழாய் போட்டு, அதன் வழியே குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு தொடங்கினோம். மூச்சைப் பொறுத்தவரை இவள் பெரிய தொல்லை தரவில்லை. அதை இத்தோடு விட்டுவிடலாம்.

எப்போது தொடங்குவது

1978ஆம் ஆண்டு நியூயார்க்கைச் சேர்ந்த பிரவுன், ஸ்வீட் என்ற இரு மருத்துவர்கள், பாலை மிகுந்த எச்சரிக்கையோடு தாமதமாகத் தொடங்கி மெல்ல உயர்த்தினால் நெக் கிட்டத்தட்ட வராது என்று எழுதினார்கள். அந்தக் கட்டுரைக்குப் பிறகு ஒரு தலைமுறை மருத்துவர்கள் குறைமாதக் குழந்தைகளை நாட்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில், வெறும் வயிற்றோடு வைத்திருந்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் கருப்பையில் எந்தக் குழந்தையும் வெறும் வயிற்றோடு இருப்பதில்லை. பனிக்குட நீரை விழுங்கிக்கொண்டே இருக்கிறது. நிறைமாதம் நெருங்கும்போது ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவுக்கு. அந்த ஓட்டம் திடீரென நின்றால் குடலின் உட்சுவர் மெலிகிறது, நொதிகள் குறைகின்றன, அசைவு மந்தமாகிறது. இன்னொரு பக்கம் சிரைவழி ஊட்டத்தை நீட்டிக்க நீட்டிக்கக் குழாய்வழித் தொற்றும் கல்லீரல் பாதிப்பும் காத்திருக்கின்றன. நெக்குக்குப் பயந்து பாலை நிறுத்தி, கடைசியில் குழந்தையை ரத்தத் தொற்றுக்குப் பறிகொடுத்த கதைகள் எல்லா மருத்துவமனையிலும் உண்டு. அவை நெக் கணக்கில் ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

டாப்ளர் கோளாறோடு பிறந்தவளுக்கு முதல் நாளே பால் தரலாமா என்று எங்கள் பிரிவில் கேள்வி எழுந்தது. இதற்கு ஓரளவு நேரடியான பதில் பிரிட்டனில் நடந்த அடெப்ட் ஆய்வில் இருக்கிறது. 2012இல் வெளிவந்த அந்த ஆய்வில், இதேபோல் டாப்ளர் கோளாறும் வளர்ச்சிக் குறைவும் கொண்ட 404 குழந்தைகளில் ஒரு பாதிக்கு இரண்டாம் நாளும் மறுபாதிக்கு ஆறாம் நாளும் பால் தொடங்கினார்கள். முன்னதாகத் தொடங்கியவர்கள் முழு அளவை 18 நாளில் எட்டினார்கள். தாமதித்தவர்கள் 21 நாளில். நெக் இரு பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காட்டவில்லை. காத்திருந்ததால் லாபம் இல்லை.

தொடங்குவது என்று முடிவாயிற்று. எந்தப் பால் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே கிடையாது. 1990இல் லூகாஸ், கோல் இருவரும் 926 குறைமாதக் குழந்தைகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், பவுடர் பால் மட்டுமே குடித்தவர்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்களைவிட நெக் ஆறு முதல் பத்து மடங்கு அதிகமாக வந்தது. பிறகு வந்த ஆய்வுகள் அந்த எண்ணைக் குறைத்தனவே தவிர திசையை மாற்றவில்லை. தாயின் பால் போதாதபோது தாய்ப்பால் வங்கியின் பால் என்பதே அடுத்த வரிசை. கனடாவில் 2016இல் வெளியான ஆய்வில் வங்கிப் பால் பெற்றவர்களிடம் 1.7 சதவீதமும், பவுடர் பால் பெற்றவர்களிடம் 6.6 சதவீதமும் நெக் கண்டது. 62.5 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் சூடாக்கப்படுவதால் வங்கிப் பால் தன் காப்பு ஆற்றலில் ஒரு பகுதியை இழக்கிறது; இருந்தும் மாட்டுப்பாலில் செய்த பவுடரைவிட மேல். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கியபோது இத்தனை எண்கள் கையில் இல்லை.

தாயோ மகப்பேறு வார்டில், மக்னீசியம் ஏறிக்கொண்டிருக்க, எழுந்திருக்க முடியாத நிலையில். எங்கள் சிஸ்டர் ஒருவர் கிருமி நீக்கிய சிறு கிண்ணத்தோடு போய்க் கையால் பீச்சக் கற்றுக்கொடுத்தார். பக்கத்தில் இருந்த மாமியாருக்குச் சீம்பால் கொடுப்பதில் விருப்பமில்லை. மஞ்சளாக இருக்கிறதே, செரிக்குமா என்றார். "அம்மா, இது பால் மட்டுமில்லை, இவளுக்கு முதல் மருந்தும் இதுதான்" என்று சிஸ்டர் சொல்லிப் பார்த்தார். மாமியார் முகம் மாறவில்லை. ஆனால் கிண்ணத்தை மேலே எடுத்து வந்தவர் அவர்தான். அதில் இருந்தது இரண்டு மில்லிக்கும் குறைவு. அதில் கன்னத்துக்குள் இரு பக்கமும் 0.1 மில்லி தடவிவிட்டு, மீதியைப் பிறந்த 14ஆம் மணியில் வாய்வழிக் குழாயில் இறக்கினோம். கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மில்லி என்ற கணக்கில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 1.7 மில்லி. குறைந்ததை வங்கிப் பால் நிரப்பியது. தொப்புள் குழாய் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். சிரையில்தான் இருக்கிறது, இருக்கட்டும் என்றோம்.

இரண்டாம் நாளும் அதே அளவு. பிறகு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 20 மில்லி வீதம் உயர்த்தினோம் (இனி வரும் பால் அளவுகளும் கிலோ கணக்கில்தான்; ஒருவேளை அளவு என்றால் மட்டும் மொத்த அளவு). இதைவிட வேகமாகப் போகலாம் என்பது தெரிந்தே எடுத்த முடிவு. பிரிட்டன், அயர்லாந்து மருத்துவமனைகளில் 2,804 குழந்தைகளைச் சேர்த்து நடந்த சிஃப்ட் ஆய்வில் தினம் 18 மில்லி உயர்த்தியவர்களுக்கு நெக் 5.6 சதவீதம், 30 மில்லி உயர்த்தியவர்களுக்கு 5.0 சதவீதம். மெதுவாகப் போனதால் பாதுகாப்பு கூடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரையும் 30 மில்லி வரை உயர்த்தலாம் என்கிறது. இவளுடைய டாப்ளரை நினைத்து 20இல் நின்றோம். இதில் அறிவியல் பாதி, பதற்றம் பாதி என்று ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை.

நான்காம் நாள்: மூடாத நாளம்

60 மில்லியை எட்டிய அன்று நாடி துள்ளியது, முணுமுணுப்புக் கேட்டது, ஆக்சிஜன் தேவை ஏறியது. இதய ஸ்கேனான எக்கோவில் டக்டஸ் ஆர்டீரியோசஸ் 2.2 மில்லிமீட்டர் அகலத்தில் திறந்திருந்தது. கருப்பையில் நுரையீரலைத் தவிர்த்து ரத்தத்தை உடலுக்கு அனுப்பும் இந்த நாளம் பிறந்த பின் மூட வேண்டும். மூடாவிட்டால் ரத்தம் எதிர்த்திசையில் நுரையீரலுக்குள் பாயும். கீழே வயிற்றுக்குப் போகவேண்டிய ரத்தம் களவு போகும். இவளுக்குக் கீழிறங்கும் மகாதமனியில் துடிப்புகளுக்கு இடையே ஓட்டம் நின்றே போயிருந்தது.

இங்கே மருந்தின் தேர்வே பால் பற்றிய தேர்வும்கூட. இண்டோமெத்தசின் குடலுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது; ஐபுப்ரோஃபென் அதைக் குறைவாகச் செய்கிறது; பாராசிட்டமால் அந்த வகையில் சாது. முதல் வாரத்தில் இண்டோமெத்தசினையும் ஸ்டெராய்டையும் சேர்த்துக் கொடுத்தால் நெக் இல்லாமலேயே குடலில் ஓட்டை விழும் ஆபத்து கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியான செய்தி. நாங்கள் சிரைவழிப் பாராசிட்டமாலைத் தேர்ந்தோம்: கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, மூன்று நாள்.

டியூட்டி டாக்டர் வழக்கப்படி 'பால் நிறுத்தவும்' என்று எழுதியிருந்தார். அடித்துவிட்டு '20 மில்லிக்குக் குறைக்கவும்' என்று எழுதினோம். காரணம் 2013இல் அமெரிக்காவின் கிளைமனும் சக மருத்துவர்களும் வெளியிட்ட ஆய்வு. இண்டோமெத்தசின் அல்லது ஐபுப்ரோஃபென் பெற்ற 117 குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு மருந்து ஓடும்போதும் கிலோவுக்கு 15 மில்லி பால் தந்தார்கள். மறுபிரிவுக்கு முழு நிறுத்தம். பால் பெற்றவர்கள் 120 மில்லி அளவைச் சராசரியாக 10 நாளில் எட்ட, மற்றவர்களுக்கு 13 நாள் பிடித்தது. நெக் கூடவில்லை. குடலைச் சுருக்கும் மருந்துகளுக்கே இது பொருந்தும்போது பாராசிட்டமாலுக்கு முழு நிறுத்தம் தேவையில்லை. அதே சமயம், மகாதமனி ஓட்டத்தைக் கண்ணால் பார்த்த பிறகு 60இலேயே தொடரவும் எனக்கு மனம் வரவில்லை. மருந்தைவிட அந்தத் திறந்த நாளமே குடலுக்குப் பெரிய எதிரி.

ஏழாம் நாள் எக்கோவில் நாளம் நூலாகச் சுருங்கியிருந்தது. அன்றே பால் 40. தொப்புள் குழாய் போய்க் கையில் நீண்ட மெல்லிய குழாய் வந்தது.

எட்டாம் நாள் இரவு, அடுத்த பாலுக்கு முன் குழாயை இழுத்துப் பார்த்ததில் இரண்டு மில்லி வந்தது. பாதி செரித்த வெள்ளைப் பால். அன்றைய ஒருவேளை அளவு ஐந்து மில்லி. வயிறு மெத்தென்று இருந்தது. சிபேப் காற்று இறங்கி வயிறு எப்போதும் கொஞ்சம் உப்பியே இருக்கும். தோலுக்கடியில் குடல் மடிப்புகள் தெரிந்தாலும் தொட்டால் குழந்தை முகம் சுளிப்பதில்லை. திரும்பி வந்ததை உள்ளேயே விட்டுப் பாலைத் தொடர்ந்தோம். அதற்கு முன்பே பல இடங்களில் இந்த இழுத்துப் பார்க்கும் வழக்கத்தையே கைவிட்டுவிட்டார்கள். ஃபுளோரிடாவில் 143 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில் வழக்கமாக இழுத்துப் பார்க்காத குழந்தைகள் அதிகப் பால் பெற்றார்கள், எட்டு நாள் முன்னதாக வீடு போனார்கள், நெக் கூடவில்லை. பச்சை நிறத்தில் வந்தால் அது வேறு கதை. அது கீழே வருகிறது.

பதினோராம் நாள் 120 மில்லி; தாய்ப்பாலின் சத்தைக் கூட்டும் செறிவூட்டும் பொடி சேர்ந்தது. பன்னிரண்டாம் நாள் கைக்குழாயை எடுத்தோம். பதின்மூன்றாம் நாள் 160, முழு அளவு. தாய் அதற்குள் எட்டு வேளையும் தவறாமல் பீச்சிக்கொண்டிருந்தார். வங்கிப் பால் தேவைப்படவில்லை. தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கங்காரு பராமரிப்பில் தினமும் சில மணி நேரம். இந்த இடத்தில் பல பிரிவுகளில் கவனம் தளர்கிறது. முழுப் பாலை எட்டிவிட்டால் குடல் தேறிவிட்டது என்ற எண்ணம். ஆனால் நெக் பிறந்தவுடன் வருவதில்லை. கருக்கால வயது, அதாவது கர்ப்ப வாரங்களோடு பிறந்த பிறகான வாரங்களையும் கூட்டிய வயது, 29 முதல் 33 வாரம் வரை என்ற ஜன்னலில்தான் அதிகம் தலைகாட்டுகிறது. இவள் அந்த ஜன்னலின் நடுவில் இருந்தாள்.

பதினைந்தாம் நாள்: ரத்தம்

வெளுத்திருந்தாள். மூச்சு நிற்பது கூடியது. இதயத் துடிப்பு 180. ஹீமோகுளோபின் 7.4. சோதனைக்கென்று நாங்களே எடுத்த ரத்தம்தான் இதில் பெரும்பங்கு. கிலோவுக்குச் சுமார் 90 மில்லி ரத்தம் மட்டுமே உள்ள உடலிலிருந்து நாளுக்கொரு மில்லி எடுப்பது சிறிய சங்கதி அல்ல. சிபேப்பில் இருக்கும் குழந்தைக்கு மூன்றாம் வாரத்தில் 8.5க்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றலாம் என்பது, எந்த அளவில் ரத்தம் ஏற்றுவது என்று இரு எல்லைகளை ஒப்பிட்ட டாப் ஆய்வின் குறைந்த எல்லை. 1,824 குழந்தைகளைக் கொண்ட அந்த ஆய்வில் அதிக எல்லையில் ஏற்றியவர்களுக்கும் குறைந்த எல்லையில் ஏற்றியவர்களுக்கும் நெக் ஏறக்குறைய சமமாக, பத்து சதவீத அளவில், இருந்தது. அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால்தான் நெக் வருகிறது என்ற குற்றச்சாட்டை இது பெரிதும் தளர்த்துகிறது.

அந்தக் குற்றச்சாட்டு 1980களிலிருந்தே இருந்து வருகிறது. ரத்தம் ஏற்றிய 48 மணி நேரத்துக்குள் சில குழந்தைகளுக்கு நெக் வந்ததைப் பார்த்து, ஏற்றும்போது பாலை நிறுத்தும் பழக்கம் பரவியது. அட்லாண்டாவில் 598 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு கோணம் காட்டியது: நெக்குடன் பிணைந்திருந்தது ரத்தம் ஏற்றியது அல்ல, அதற்கு முன்பிருந்த கடும் சோகை. ஹீமோகுளோபின் 8 அல்லது அதற்குக் கீழே போன வாரத்தில் ஆபத்து ஏறக்குறைய ஆறு மடங்கு. பாலை நிறுத்துவது பலன் தருமா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் தேடியபோது அகப்பட்டது 22 குழந்தைகள் கொண்ட ஒரே ஒரு சோதனை. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று எழுதினார்கள்.

எங்கள் பிரிவின் எழுதப்பட்ட விதி நடுவழியாக இருந்தது. ரத்தம் ஏற்றத் தொடங்கியது முதல் 24 மணி நேரத்துக்குப் பொடி சேர்க்காத தாய்ப்பால், பாதி அளவில். மீதி நீர் சிரைவழி. மாலை ஆறு மணிக்குத் தொடங்கிக் கிலோவுக்கு 15 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் ரத்தம் ஏற்றி முடித்தோம். காலையில் கன்னத்தில் நிறம் வந்திருந்தது.

பதினேழாம் நாள் விடியற்காலை

நான்கு மணிக்கு அழைப்பு. வயிற்றுச் சுற்றளவு இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தது. தோல் பளபளத்தது. கை வைத்தால் காலை மடக்கி முனகினாள். குழாயில் அடுத்தடுத்து இருமுறை கரும்பச்சைத் திரவம். டயப்பரில் மலத்தோடு நூல்போல ரத்தம். ஒரு மணி நேரத்தில் மூன்று முறை மூச்சு நின்றது.

எட்டாம் நாள் இரவின் இரண்டு மில்லிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கற்றுக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் பாதி. அப்போது ஒரே ஓர் அறிகுறி, குழந்தை மற்றபடி நன்றாக இருந்தாள். இப்போது நான்கு அறிகுறிகள் ஒன்றாக வந்தன. குழந்தை முழுதுமே வேறாக இருந்தாள். இங்கே பாலை நிறுத்துவதில் ஒரு நிமிடத் தயக்கமும் கூடாது, நிறுத்தினோம். குழாயைத் திறந்து வடியவிட்டோம். ரத்த வளர்ப்புச் சோதனை அனுப்பி ஆன்டிபயாடிக் தொடங்கினோம். நேராக ஒன்று, இடப்பக்கம் சாய்த்து ஒன்று என இரண்டு எக்ஸ்ரே. குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரை அந்நேரமே எழுப்பினோம், அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

எக்ஸ்ரேயில் குடல் வளையங்கள் விரிந்திருந்தன. நாங்கள் தேடியது மூன்றை: குடல் சுவருக்குள் புள்ளிப் புள்ளியாகக் காற்று, கல்லீரலுக்குப் போகும் சிரையில் காற்று, குடலுக்கு வெளியே தப்பிய காற்று. மூன்றும் இல்லை. பிளேட்லெட் 1.7 லட்சம், ரத்தத்தில் அமிலம் ஏறவில்லை. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரேயைத் திரும்ப எடுத்தோம். வளையங்கள் இடம் மாறிக்கொண்டிருந்தன. ஒரே இடத்தில் உறைந்து நிற்கும் வளையம் இல்லை. நெக்கின் தீவிரத்தை நிலைகளாகப் பிரிக்கும் மாற்றியமைத்த பெல் வகைப்பாட்டில் இது முதல் நிலை, ரத்தம் கண்டதால் அதில் இரண்டாம் பிரிவு. அதாவது நெக் சந்தேகம், உறுதியில்லை. இரண்டு நாளில் வயிறு இறங்கியது. வளர்ப்புச் சோதனையில் எதுவும் வளரவில்லை. ஆன்டிபயாடிக்கை அன்றே நிறுத்தினோம். கிருமி இல்லை என்று தெரிந்த பிறகும் பத்து நாள் ஓட்டும் பழக்கம் நம் ஊரில் வலுவானது. மிகக் குறைந்த எடைக் குழந்தைகளில் முதல் வாரத்தில் அப்படி ஐந்து நாளுக்கு மேல் நீட்டிப்பதற்கும் பின்னால் வரும் நெக்குக்கும் தொடர்பு இருப்பதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இரண்டு தாள்கள்

அன்று மாலை கேஸ் ஷீட்டைப் பரப்பி உட்கார்ந்தோம். சோகையா, ஏற்றிய ரத்தமா என்ற பேச்சு சிறிது நேரம் ஓடியது. அப்போது மூத்த சிஸ்டர் ஒருவர் மருந்துத் தாளையும் பால் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எங்கள் பிரிவில் இவை இரண்டு தனித் தாள்கள். பால் தாள் படுக்கையில் தொங்கும். மருந்துத் தாள் கோப்புக்குள் இருக்கும்.

இவளுக்குப் பதினான்காம் நாளிலிருந்து வாய்வழியாகக் கால்சியம் பாஸ்பேட் சிரப், விட்டமின் சொட்டு, இரும்புச் சத்துச் சொட்டு எழுதப்பட்டிருந்தன. நேரம் குறிக்கவில்லை. 'பாலில் கலந்து' என்று மட்டும் இருந்தது. வழக்கமாக 14 மில்லி பாலில் போவது. பதினாறாம் நாள் காலை பத்து மணிப் பால் ஏழு மில்லிதான், ஏனென்றால் ரத்தம் ஏற்றிய விதிப்படி பாதி அளவு. மூன்று மருந்தும் சேர்ந்து இரண்டரை மில்லி. ஏழு மில்லியில் இரண்டரை மில்லி சிரப். பாலைப் பாதியாக்கிய நாங்கள் மருந்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. மருந்தை எழுதியவருக்குப் பால் பாதியானது தெரியாது. கொடுத்த சிஸ்டர் இரண்டு தாளிலும் எழுதியபடியே செய்தார்.

தாய்ப்பாலின் ஆஸ்மொலாலிட்டி, அதாவது கரைபொருளின் அடர்த்தி, சுமார் 300. குழந்தைப் பாலுக்கு லிட்டருக்கு 400ஐத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1976லேயே சொன்னது. சர்க்கரையும் சார்பிட்டாலும் கிளிசரினும் கலந்த சிரப்புகள் பலவற்றில் இந்த எண் ஆயிரத்தைத் தாண்டிப் போகும். அடர்த்தியான திரவம் இறங்கினால் குடல் தன் சுவரிலிருந்து நீரை உறிஞ்சி அதை நீர்க்கச் செய்யப் பார்க்கும். உப்பில் போட்ட வெள்ளரித் துண்டு வதங்குவதைப் போல உட்சுவர் வதங்கும். நிறைமாதக் குழந்தை தாங்கிவிடும். சோகையில் கிடந்து, அப்போதுதான் ரத்தம் திரும்பி வந்த குடலுக்கு அது கடினம்.

சிரப்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சோகை, ரத்தம், சிரப், அந்தக் குறிப்பிட்ட வாரம் எல்லாம் 48 மணி நேரத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. எதையும் தனியே பிரித்துக் குற்றம்சாட்ட வழியில்லை. ஆனால் நான்கில் எங்கள் கையில் முழுதாக இருந்தது அது ஒன்றுதான். நெக் தடுப்பு என்றால் எந்தப் பால், எவ்வளவு பால் என்றே பேசுகிறோம். பாலோடு என்ன போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின் வகை மருந்துகள் நெக்கைக் கூட்டுகின்றன என்று தெரிந்த பிறகும் குறைமாதக் குழந்தையின் மருந்துத் தாளில் அவை எட்டிப் பார்ப்பதுண்டு. பாலைக் கெட்டியாக்கும் சாந்தன் கோந்துக் கலவை ஒன்றைக் குடித்த குழந்தைகளுக்கு நெக் வந்ததை அடுத்து, 37 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு அதைத் தரவேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011இல் எச்சரித்தது. இவை எதுவும் 'பால்' என்ற தலைப்பின்கீழ் வருவதில்லை.

மறுநாளே பால் தாளின் வலப்பக்கம் ஒரு பத்தி சேர்ந்தது: இந்த வேளையில் பாலோடு போகும் மருந்து. ஒரு வேளைக்கு ஒரு மருந்துதான். பால் பாதியானால் கால்சியமும் விட்டமினும் அன்றைக்கு விடுமுறை; ஒரு நாள் தவறினால் எந்த எலும்பும் உடைந்துவிடாது. ரத்தம் ஏற்றும்போது பாலைப் பாதியாக்குவதா, முழுதாகத் தொடர்வதா என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. என் சாய்வு தொடர்வதன் பக்கம், தாய்ப்பாலாக இருந்தால். நான்கு மணி நேரம் நிறுத்திவிடுவதே மேல் என்று சொல்லும் என் சக மருத்துவரிடம் அதை மறுக்க என்னிடம் ஆதாரம் கிடையாது, அவரிடமும் கிடையாது.

பிறகு

இருபதாம் நாள் மறுபடியும் 20 மில்லியில் தொடங்கினோம், தாய்ப்பால் மட்டும். இந்த முறை தினம் 25 வீதம் உயர்த்தினோம். இப்போதாவது மெதுவாகப் போகக் கூடாதா என்று தாயே கேட்டார். மலம் மஞ்சளாகப் போகிறது, வயிறு மெத்தென்று இருக்கிறது, இனி நாள் கூடக் கூடக் கைக்குழாயில் தொற்று வரும் வாய்ப்புதான் கூடும் என்று விளக்கினோம். அந்த மூன்று நாளும் பாலை எங்கே வைப்பது என்று தெரியாமல், பீச்சுவதை நிறுத்திவிடலாமா என்று அவர் யோசித்ததைப் பிறகுதான் சொன்னார். குழந்தைக்குப் பால் நிறுத்தினால் தாய்க்கும் நிறுத்தம் என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். நிறுத்தத்தின்போது தாயிடம் முதலில் சொல்ல வேண்டியது 'பீச்சுவதை விடாதீர்கள், ஃப்ரீசரில் வைக்கிறோம்' என்பதே. மாமியார்தான் அந்த நாட்களில் இரவு இரண்டு மணிக்கும் எழுப்பிவிட்டிருக்கிறார்.

27ஆம் நாள் முழு அளவு, எடை 1,200 கிராம். இரண்டு நாள் கழித்துச் செறிவூட்டும் பொடி, முதலில் பாதிச் செறிவில். கண் பரிசோதனை நல்லபடி முடிந்தது. 34 வாரம் தாண்டியதும் பாலாடையில் குடிக்கப் பழகினாள், பிறகு மார்பிலேயே. 51ஆம் நாள், கருக்கால வயது 36 வாரம் 2 நாளில், 1,730 கிராம் எடையோடு வீட்டுக்குப் போனாள். டிஸ்சார்ஜ் சீட்டில் இரும்புச் சத்துச் சொட்டு காலையில், விட்டமின் டி சொட்டு மாலையில், வெவ்வேறு வேளைப் பாலோடு என்று எழுதி, இரண்டையும் ஒரே பாலாடையில் ஊற்றக் கூடாது என்பதைத் தாயிடமும் மாமியாரிடமும் திருப்பிச் சொல்லவைத்து அனுப்பினோம்.